அவர் பேசி முடிக்கட்டும் என்று

அந்தப் பெண்ணை நான் நேரில் பார்த்தது ஒரே ஒரு முறை, செங்கல்பட்டில் ஒரு மருத்துவமனைக் கட்டிலில். அதற்கு முந்தைய நாள் காலை அவள் குரலை மட்டும் கேட்டிருந்தேன். இரண்டையும் அன்றன்றைக்கே எழுதி வைத்தேன். பறக்கத் தொடங்கிய நாளிலிருந்து, வேலை முடிந்து வந்ததும் எழுதிவிட்டுப் படுப்பது என் வழக்கம். பெரும்பாலும் வானிலை, தாமதம், உடன் வந்தவர்கள், சாப்பிட்டது என்று இருக்கும். இதை மட்டும் மறுபடி விரிவாக எழுதக் காரணம் உண்டு. நடந்ததைப் பற்றி இப்போது ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். அந்த நேரத்தில் ரேடியோவில் இருந்தவர்களில் நானும் ஒருவன்.

நான் ஒரு விமான நிறுவனத்தில் கேப்டன். வீடு படூரில். எங்கள் அடுக்குமாடியில் என்னைத் தவிர ஏறக்குறைய எல்லோரும் சிறுசேரிக்கு ஐ.டி. வேலைக்குப் போகிறவர்கள். விமானத்தில் என்ன பேசிக்கொள்வீர்கள் என்று லிஃப்டில் கேட்பார்கள். சொல்ல ஆரம்பித்தால் அவர்கள் மாடி வந்துவிடும். இங்கே கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

ஒரு பகுதியில் பறக்கிற எல்லோரும் ஒரே அலைவரிசையில் இருப்போம். நூற்றெண்பது பேரை ஏற்றி வரும் விமானம், ஒற்றை ஆளாகப் பழகிக்கொண்டிருக்கும் மாணவரின் சின்ன விமானம், தரையிலிருந்து எங்களை வழிநடத்தும் கண்ட்ரோல் அதிகாரி எல்லோருக்கும் அது ஒன்றுதான். ஒருவர் பொத்தானை அழுத்திப் பேசினால் மற்ற எல்லோருக்கும் கேட்கும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் அழுத்தினால் இருவர் பேச்சும் கேட்காது. கீச்சென்று ஓர் இரைச்சல் மட்டும் வரும். அதனால் விமானப் பயிற்சிப் பள்ளியில் முதலில் சொல்லிக்கொடுப்பது, அழுத்துவதற்கு முன் கேள் என்பதுதான். யாராவது பேசிக்கொண்டிருந்தால் பொறு. சொல்ல வேண்டியதை மனதில் அடுக்கிக்கொள். சுருக்கமாகச் சொல். அடுத்தவருக்கு இடம் விடு.

இந்தப் பொறுமைக்கு ஒரு விலக்கு உண்டு. உயிருக்கு ஆபத்து என்றால் 'மேடே' என்று மூன்று முறை சொல்ல வேண்டும். அதைச் சொல்பவர் யாராக இருந்தாலும், நேற்றுச் சேர்ந்த மாணவராக இருந்தாலும், மற்ற அத்தனை பேரும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். பயிற்சிக்கு வரும் எல்லோருக்கும் இது தெரியும். பரீட்சையில் கேட்பார்கள், எழுதுவார்கள், மதிப்பெண் வாங்குவார்கள்.

பேச்சு ஆங்கிலத்தில்தான் நடக்கும். நம் ஊர் மாணவர்கள் அதில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு 'சார்' சேர்ப்பார்கள். புத்தகத்தில் அப்படி எதுவும் இல்லை. வகுப்பில் எழுந்து நின்று பேசிய பழக்கம் அவர்களோடு மேலே ஏறி வந்துவிடுகிறது.

அது தை மாதத்து ஒரு காலை. தூத்துக்குடியிலிருந்து சென்னைக்கு வந்துகொண்டிருந்தோம். விமானத்தைத் துணை விமானி ஓட்ட, ரேடியோ என் பொறுப்பு. கடற்கரையை ஒட்டி வடக்கே வரும்போது கீழே புகை மாதிரி மூட்டம். அணுமின் நிலையத்தின் புகைபோக்கி மட்டும் அதற்கு மேலே தெரிந்தது. அந்த நிலையத்தைச் சுற்றி வானத்தில் ஒரு வட்டம் போட்டிருக்கிறார்கள். அதற்குள் யாரும் பறக்கக் கூடாது. மாணவர்களின் பயிற்சிப் பகுதி அந்த வட்டத்தின் விளிம்பில் முடிகிறது.

எங்களுக்கு முன்னால் வேறொரு நிறுவனத்தின் விமானம். அதைக் கடல் மேல் ஒரு சுற்றுச் சுற்றி வரச் சொல்லியிருந்தார்கள். பிறகு வந்த ஒன்றை முன்னால் விட்டுவிட்டார்கள் என்பது அந்தக் கேப்டனின் குறை. ஏன் என்று கேட்டார். கண்ட்ரோல் விளக்கம் சொன்னார். கேப்டன் அதற்கும் பதில் சொன்னார். போன வாரமும் இப்படித்தான் நடந்தது என்றார். தன் பயணிகளில் பலர் அடுத்த விமானம் பிடிக்க வேண்டியவர்கள் என்றார். ஒரு வார்த்தை கடுமையாக வரவில்லை. கண்ட்ரோல் அதிகாரியும் பொறுமையாகத்தான் பதில் சொன்னார். ஆனால் பேச்சு முடியவில்லை.

நடுவில் ஒரு கீச்சொலி. கேப்டனின் வாக்கியம் அடிபட்டுப் போயிற்று. அவர் அதை முதலிலிருந்து சொன்னார். இன்னொரு கீச்சொலி.

"யாரோ குழந்தை பொத்தானை வைத்து விளையாடுகிறது சார். அதை முதலில் கீழே இறக்கிவிடுங்கள்" என்றார் கேப்டன்.

வேறு ஏதோ விமானத்திலிருந்து யாரோ அழுத்தி 'ஹஹ்' என்று மட்டும் சிரித்துவிட்டுப் பொத்தானை விட்டார். என் பக்கத்தில் துணை விமானியும் புன்னகைத்தான். எனக்கு எரிச்சலாக இருந்தது. யார் மேல் எரிச்சல் என்று அப்போது பிரித்துப் பார்க்கவில்லை.

அதன் பிறகு கீச்சொலி வரவில்லை. கேப்டன் தன் குறையைச் சொல்லி முடித்தார். கண்ட்ரோல் அவருக்கு உயரம் கொடுத்தார். அடுத்து இன்னும் இரண்டு விமானங்களுக்கு வழி சொன்னார். அப்புறம் சின்ன இடைவெளி. அந்த இடைவெளியில் அவள் பேசினாள்.

"காலை வணக்கம் சார். தொந்தரவுக்கு மன்னிக்கவும் சார்."

பிறகு தன் விமானத்தின் அழைப்புப் பெயர், இடம், உயரம் என்று வரிசை தவறாமல் சொன்னாள். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடல் மேல், எண்ணூறு அடி. "இன்ஜின் சரியாக ஓடவில்லை சார். வலப்பக்கம் திரும்ப அனுமதி வேண்டும் சார்."

கண்ட்ரோலிடமிருந்து பதில் இல்லை. அவருக்குக் கேட்கவே இல்லை. அவ்வளவு தாழ்வாக இருப்பவர்களின் குரல் தொலைவில் இருக்கிற தரை நிலையத்துக்குப் போய்ச் சேராது. மேலே இருக்கிற எங்களுக்குக் கேட்கும். இப்படிச் சமயத்தில், கேட்டவர் வாங்கிக் கண்ட்ரோலுக்குச் சொல்வது எங்கள் தொழிலில் வழக்கம். நான் வாங்கிக்கொண்டேன்.

அவளைத் திரும்பு என்றேன். அனுமதி தேவையில்லை, நேராகக் கரைக்குப் போ என்றேன்.

"சார், அது தடை செய்யப்பட்ட பகுதி சார். கண்ட்ரோலைக் கேட்டுச் சொல்லுங்கள் சார், ப்ளீஸ்."

அவள் இருந்த இடத்துக்கு நேர் மேற்கே கரை. அந்தக் கரை வட்டத்துக்குள் இருந்தது. வட்டத்தைத் தொடக் கூடாது என்று கடல் பக்கமாக ஒதுங்கியே வந்திருக்கிறாள். ஆபத்து என்றால் எந்த வட்டத்துக்குள்ளும் போகலாம். அவளை அந்தச் சமயத்தில் யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. இதையெல்லாம் விளக்க நேரம் இல்லை. கண்ட்ரோலைக் கேட்டேன். நான் சொல்லி முடிக்கும் முன்பே அவர், எங்கே வேண்டுமானாலும் இறங்கட்டும் என்றார்.

அவள் பேசிய ஆங்கிலத்தில் எங்கள் பக்கத்து ஊர்ப் பேச்சின் சாயல் இருந்தது. நான் தமிழுக்கு மாறினேன்.

"குடுத்துட்டாங்கம்மா. திரும்பு. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. கரைக்குப் போ."

"திரும்பிட்டேன் சார்." கொஞ்ச நேரம் கழித்து, "நின்னுடுச்சு சார். இன்ஜின்."

"பரவாயில்ல. மூக்கத் தூக்காத. கதவத் தெறந்து வெச்சுக்கோ. பெல்ட்ட இறுக்கு. அலைக்குக் குறுக்க போவாம நீளவாக்குல எறங்கு."

"சரி சார். தேங்க்யூ சார். ரொம்ப டிஸ்டர்ப் பண்ணிட்டேன். சாரி சார்."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் கூப்பிட்ட எதற்கும் பதில் இல்லை. இடத்தைக் கண்ட்ரோலுக்குச் சொன்னேன். புகைபோக்கிக்கு வடக்கே, கரையிலிருந்து இவ்வளவு தூரம் என்று இரண்டு முறை சொன்னேன். அவர் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டார். எங்களால் திரும்ப முடியாது. எங்களைத் தொடர்ந்து வரச் சொன்னார். அதிலிருந்து நாங்கள் தரையைத் தொடும்வரை அந்த அலைவரிசையில் எல்லோரும் மிகச் சுருக்கமாக, மிகத் தெளிவாகப் பேசினார்கள். ஒரு சொல் அதிகம் இல்லை. முன்னால் போன கேப்டன் 'சரி' என்பதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.

இறங்கியதும் பயணிகளுக்கு வழக்கமான நன்றியைச் சொன்னேன். வாசலில் ஒருவர், லேண்டிங் நன்றாக இருந்தது என்று கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போனார்.

அவள் உயிரோடு இருக்கிறாள் என்று மத்தியானம் தெரிந்தது. மறுநாள் எனக்கு விடுமுறை. செங்கல்பட்டுக்குப் போனேன்.

மருத்துவமனை வாசலில், பைக் ஒன்றின் மேல் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவளைத் தண்ணீரிலிருந்து எடுத்த மீனவர்கள், அண்ணன் தம்பி. போலீசுக்கு வாக்குமூலம் கொடுக்க வந்தவர்கள், பார்த்துவிட்டுப் போகலாம் என்று இங்கே வந்திருந்தார்கள். நான் யார் என்று காவலாளியிடம் சொன்னது மூத்தவர் காதில் விழுந்திருக்கிறது.

"மேல இருந்து பேசினது நீங்கதானா சார்?"

ஆமாம் என்றேன்.

"நாங்க நண்டு வல எடுத்துகினு இருந்தோம். ஏரோப்ளேன் வுழுந்தா பெருசா சத்தம் வரும்னுதான நெனப்போம்? ஒண்ணும் இல்ல சார். தொப்புனு ஒரு சத்தம். திரும்பிப் பாத்தா தலகீழா கெடக்குது. இவன் எதயும் பாக்கல, குதிச்சிட்டான்."

"இவரு போட்ட பாத்துக்கினாரு" என்றான் தம்பி. "போட்டு எங்கியும் ஓடாது, ஆனா பாத்துக்கினாரு."

"வாய மூட்றா. தூக்கிப் போட்டுல போட்டதும் அந்தப் பொண்ணு இன்னா கேட்டுச்சு தெரியுமா சார்? 'அண்ணா, உங்க வல கிழிஞ்சிடுச்சா'ங்குது. மூக்குல ரத்தம் வந்துகினு கீது, வலயக் கேக்குது."

"அதுக்கு இவரு அளுதுட்டாரு சார்" என்றான் தம்பி. "இவரு மாமியா செத்ததுக்கு ஒரு சொட்டு அளுவல. இதுக்கு அளுதாரு."

மூத்தவர் அவன் தோளில் ஓர் அடி போட்டார். இருவரும் சிரித்தார்கள். பிறகு மூத்தவர் கேட்டார்: "பொழச்சுக்குமா சார்?"

தெரியவில்லை என்று சொன்னேன்.

அவளுடைய அப்பா உள்ளே வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார். உள்பக்கத்துக் கிராமத்தில் விவசாயக் குடும்பம். இப்போது அணுபுரம் குடியிருப்பிலிருந்து நிலையத்துக்கு ஊழியர்களை ஏற்றிப்போகும் பஸ்ஸை ஓட்டுகிறார். வேலைக்குப் போகிற சட்டையிலேயே இருந்தார். நான் யார் என்று சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். நர்ஸிடம் கேட்டு என்னை உள்ளே கூட்டிப்போனார். கொஞ்ச நேரம்தான், அதிகம் பேசவைக்க வேண்டாம் என்றார் நர்ஸ்.

அவளுக்கு இருபது, இருபத்தொன்று இருக்கும். விலா எலும்புகள் உடைந்திருந்தன. நுரையீரலுக்குள் கடல் தண்ணீர் போயிருந்தது. மூக்கில் குழாய். என் குரலைக் கேட்டதும் அடையாளம் தெரிந்துகொண்டு எழுந்திருக்கப் பார்த்தாள். அப்பா தோளை அழுத்திப் படுக்க வைத்தார்.

"சாரி சார்" என்றாள்.

எதற்கு என்று கேட்டேன்.

"உங்க லேண்டிங் நேரத்துல."

அதை விடு என்றேன். எப்போது இன்ஜின் கோளாறு தெரிந்தது என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்னவோ. ஆனால் அவள் அதைச் சொல்லக் காத்திருந்தவள் போலச் சொன்னாள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மூச்சு வாங்கியது.

"மூவாயிரம் அடியிலயே உதற ஆரம்பிச்சிடுச்சு சார். ஓடும், அப்புறம் உதறும். சொல்லலாம்னு பாத்தேன். அந்த சார் கண்ட்ரோல்கிட்ட பேசிட்டு இருந்தாரு."

"குறுக்க பேசியிருக்கலாமே."

"ரெண்டு வாட்டி அழுத்தினேன் சார். குழந்தை வெளையாடுதுன்னாரு. அப்புறம் அழுத்தல. அவர் பேசி முடிக்கட்டும்னு இருந்தேன்."

"மேடே சொல்லியிருந்தா எல்லாரும் நிறுத்தியிருப்பாங்கம்மா."

அவள் கூரையைப் பார்த்தாள். "அது ரொம்பப் பெரிய வார்த்த சார். இன்ஜின் முழுசா நிக்கல. அதுக்குள்ள அதச் சொல்லிட்டு, ஒண்ணும் இல்லாம போயிடுச்சுன்னா?"

"கரைப் பக்கம் திரும்பியிருக்கலாம்."

"அது பிளான்ட் சார்" என்றாள். அப்பாவை ஒரு தடவை பார்த்தாள். அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை என்பது போல நிறுத்திக்கொண்டாள்.

நர்ஸ் வந்துவிட்டார். கிளம்பும்போது அவள் எனக்கு நன்றி சொன்னாள்.

வெளியே வந்ததும் அவள் அப்பா கேட்டார். உள்ளே நின்றிருந்தாலும் அவருக்குப் பாதிக்கு மேல் புரியவில்லை. "இன்னா சார் சொல்லிச்சு? இன்னா பண்ணியிருக்கணும் அது?"

நான் வரிசையாகச் சொன்னேன். இரண்டு விஷயம். ஒன்று, யார் பேசிக்கொண்டிருந்தாலும் நிறுத்தச் சொல்லியிருக்கலாம். இன்னொன்று, மூவாயிரம் அடியில் இருந்தபோதே கரைப் பக்கம் திரும்பியிருந்தால் மணலில் இறங்கியிருக்கலாம்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பக்கம் போவக்கூடாதுன்னு நான்தான் சார் சொல்லி வளத்தேன். சின்னதுல என்கூட பஸ்ல வரும். பஸ்ஸு பிளான்ட் கேட்டாண்ட நின்னா எட்டிப் பாக்காத, போனத் தூக்கிப் புடிக்காத, நம்ம மாதிரி ஆளுங்க வேல பூடும்னு சொல்லுவேன். அது எட்டிக்கூடப் பாக்காது சார். குனிஞ்சிகினு ஒக்காந்திருக்கும்." சட்டையின் பித்தானைத் திருகிக்கொண்டே நின்றார். "வானத்துல கூடவா சார் கேட்டு கீது?"

கீழே ரோட்டில் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. இருக்கிறது என்றேன்.

"தெறந்து வுட்டுருப்பாங்களா?"

"கேக்காமலே போகலாம். ஆபத்துன்னா போகலாம்."

"அதத்தான் சார் நான் சொல்லிக் குடுக்கல" என்றார்.

அவள் அந்த வாரம் முடிவதற்குள் இறந்துபோனாள். நுரையீரலில் தொற்று என்றார்கள். செய்தி வந்தபோது நான் வேறு ஊரில் ஒரு ஓட்டல் அறையில் இருந்தேன். கிராமத்துக்குப் போக முடியவில்லை. மீனவர்களில் மூத்தவர் போயிருக்கிறார். வலையில் ஒரு கண்கூடக் கிழியவில்லை என்று அவளிடம் சொல்ல நினைத்திருந்ததாகப் பிற்பாடு என்னிடம் போனில் சொன்னார்.

விசாரணை நடந்தது. என்னையும் கூப்பிட்டார்கள். கேட்டதைக் கேட்டபடி சொன்னேன். இரண்டு கீச்சொலிகளும், இடையில் யார் என்ன பேசினார்கள் என்பதும் பதிவில் இருந்தன. கீச்சொலிக்குள் இருந்த குரலை மட்டும் யாராலும் பிரித்தெடுக்க முடியவில்லை. பயிற்சி மாணவி உரிய நேரத்தில் அவசர நிலையை அறிவிக்கவில்லை என்று எழுதினார்கள். அந்த வாக்கியத்தில் பிழை எதுவும் இல்லை. பல முறை படித்துப் பார்த்தேன்.

அந்தக் கேப்டனைப் பிறகு ஒரு நாள் விமான நிலையத்தில், டீக்கடை வரிசையில் பார்த்தேன். முகம் தெரியாது. எனக்கு முன்னால் நின்றவர் டீ கேட்ட குரலில் தெரிந்தது. அவருக்கும் என் குரல் தெரிந்துவிட்டது. வேலைக்காகச் சென்னை வந்து பல வருடம் ஆகிறவர். நன்றாகத் தமிழ் பேசுகிறார். ஓரமாகப் போய் நின்றோம்.

"நீங்க கேட்டீங்கல்ல சார்? ஒரு இடத்துல மரியாதை இல்லாம பேசினேனா? ஒவ்வொண்ணுக்கும் சார் போட்டேன்."

"போட்டீங்க."

"அவ பேசியிருக்கணும் சார். ஒரு வார்த்தை. நான் அடுத்த நிமிஷம் வாய மூடியிருப்பேன்."

அது உண்மை என்றுதான் நினைக்கிறேன். ஒப்புக்கொண்டேன்.

"குழந்தைன்னு சொன்னது தமாஷுக்கு" என்றார். டீயை ஊதினார், குடிக்கவில்லை. "எனக்கும் ரெண்டு பொண்ணு இருக்கு." அவர் விமானத்துக்கு நேரமாகிவிட்டது. டீயை அப்படியே வைத்துவிட்டுப் போனார்.

மழைக்காலம் வந்து போன பிறகு, மறுபடி அதே வழியில், அதே போலக் காலையில் வந்துகொண்டிருந்தேன். மூட்டம் இல்லை. செங்கல்பட்டு ஏரியிலிருந்து கடல் வரை எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. எங்களுக்கு முன்னால் ஒருவர், வேறு யாரோ, தனக்கு ஏன் சுற்றுப்பாதை என்று கண்ட்ரோலைக் கேட்டுக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு கீச்சொலி. அவர் முதலிலிருந்து சொன்னார். இன்னொரு கீச்சொலி.

நான் அழுத்தினேன். எல்லோரும் ஒரு நிமிடம் நிறுத்துங்கள், கீழே யாரோ மாணவர் பேச முயல்கிறார், அவர் முதலில் பேசட்டும் என்றேன். கண்ட்ரோலும் அதையே சொன்னார். அலைவரிசை முழுதும் அடங்கியது. அந்த நேரத்தில் அப்படி ஓர் அமைதியை நான் அங்கே கேட்டதில்லை. என் துணை விமானி, ஒரு பெண், குனிந்து கீழே தேடினாள். நானும் தேடினேன். கரையும் அலையும் நிலையத்தின் புகைபோக்கியும் தெரிந்தன. சின்ன விமானம் எதுவும் தென்படவில்லை.

அழைப்பவர் பேசலாம் என்று கண்ட்ரோல் மறுபடி சொன்னார்.

கடைசியில் ஒரு பையன் குரல் வந்தது. நடுங்கியது.

"அவசரம் இல்லை சார். சாரி சார். நீங்கள் பேசி முடியுங்கள்."

உன் விமானம் நன்றாக இருக்கிறதா என்று நான் கேட்டேன். இரண்டு முறை கேட்டேன். பதில் வரவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்துவிட்டு, முன்னால் இருந்தவர் விட்ட இடத்திலிருந்து பேசத் தொடங்கினார்.